மலைப்பூண்டு விற்க எது தோது: ஆப்பா, வாட்ஸ்அப்பா, சொந்தத் தளமா?

கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் ஊர் பூம்பாறையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது புகை வாசம். அடுப்புக்கு மேலே பரணில் கட்டுக்கட்டாகத் தொங்கும் பூண்டு அந்தப் புகையில்தான் பதமாகிறது. பதமான பூண்டு மாதக்கணக்கில் கெடாது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, மலைச்சரிவு, பனிமூட்டம், குளிர் இவற்றை அதன் தனித்தன்மைக்குக் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் வீட்டை நிறைக்கும் அந்தப் புகை வாசத்துக்காகவே ஒரு ஷாப்பிங் ஆப்பிலிருந்து எங்கள் பெட்டி திரும்பி வந்தது. காரணம் என்ற கட்டத்தில் "துர்நாற்றம்" என்று இருந்தது. அம்மா அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை.

எங்களுக்கு மூன்று வழியிலும் விற்ற அனுபவம் உண்டு. ஊரில் பலர் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஆப்பின் பலம் அங்கே கூடும் கூட்டம். நாம் யாரென்றே தெரியாத ஒருவர் டில்லியில் இருந்துகூட வாங்குவார். பணம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை, கூரியருக்கு அலையும் வேலை நமக்கு இல்லை. ஆனால் "மலைப்பூண்டு" என்று தேடினால் எங்கிருந்தோ வந்த பெரிய பல் பூண்டும் நம்முடையதும் அடுத்தடுத்து நிற்கும். படத்தில் வித்தியாசம் தெரியாது. விலையில் மட்டும் தெரியும், நம்முடையதுதான் கூடுதல். அதில் கமிஷன், அனுப்பும் செலவு, திரும்பி வந்தால் அதற்கொரு செலவு என்று கழிந்துகொண்டே போகும். இதைவிடப் பெரிய சிக்கல் கிடங்கு. பூண்டு மூச்சு விடும் பொருள். சமவெளிச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தால் வியர்க்கும், முளைவிடும். ஆப்பின் கிடங்குக்கு மொத்தமாக அனுப்பி வைப்பதை ஒரே போகத்தோடு நிறுத்திவிட்டோம். வாங்கியவரின் போன் நம்பரும் நம் கைக்கு வராது. அடுத்த போகம் வந்ததும் அவரிடம் போய்ச் சொல்ல வழியே இல்லை.

வாட்ஸ்அப்பில் நிலைமை தலைகீழ். மதுரையிலிருந்து ஒரு பெண் பெட்டியைப் பிரித்ததும் கூப்பிட்டார். "அக்கா, புகை வாடை வருதே, கெட்டுப்போச்சா?" பரணைப் படமெடுத்து அனுப்பி, கூடவே ஒரு நிமிடம் பேசி வாய்ஸ் நோட்டும் போட்டேன். அடுத்த போகத்தில் அவரே மூன்று கிலோ கேட்டார், தன் நாத்தனாருக்கும் சேர்த்து. ஆப்பில் துர்நாற்றமாகத் தெரிந்தது இங்கே ருசிக்கு அடையாளமாகிவிட்டது. நம் பூண்டு சொல்லி விற்க வேண்டிய பொருள். சொல்ல இடம் கிடைக்கிற இடத்தில்தான் அதன் விலையும் நிற்கும்.

செலவும் இங்கேதான் குறைவு. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் படமும் விலையும் போட்டுக் கேட்டலாக் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே முதல் பெட்டியிலேயே "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வைத்து அனுப்புகிறோம். குறைகளும் உண்டு. ஆர்டர்கள் அரட்டைக்குள் புதைந்துவிடும். ஒருமுறை ஒரே விலாசத்துக்கு இரண்டு பெட்டி போனது, இன்னொருவருக்குப் போகவே இல்லை. அதற்குப் பிறகு அப்பா நோட்டில் எழுதிய பின்தான் பெட்டி கட்டுவது. மன்னவனூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சிக்னலும் ஒரு பாடு.

இன்ஸ்டாகிராம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிக்கட்டு வயலையும் குழந்தை வேலப்பர் கோயிலையும் ரீல்ஸ் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள். பிறகு "ரூம் கிடைக்குமா, ரோடு எப்படி" என்று கேட்பார்கள். பூண்டு கேட்பவர் குறைவு. கேட்பவரை அன்றைக்கே வாட்ஸ்அப்புக்கு அழைத்து வந்துவிட வேண்டும். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை நம்பி ஆள் சேர்த்தவர்களுக்கு ஒரே இரவில் எல்லாம் போனது.

சொந்தத் தளம் மெதுவாகப் பிடிக்கும் மரம். இணையத்தில் பெயர் வாங்க, இடம் வாங்க ஆண்டுக்கொரு செலவு. பணம் வாங்கித் தரும் கேட்வேக்கு வழக்கமாக 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 400 ரூபாய் ஆர்டர் என்று வைத்துக்கொண்டால் 9 ரூபாய் 44 பைசா கழியும். ஆப்பின் கழிவோடு பார்த்தால் இது தாங்கும். பூண்டு தீர்ந்தால் "அடுத்த போகம்" என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பரணும் புகையும் அங்கே நிரந்தரமாக எழுதியிருக்கும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். குறியீடு கிடைத்தது ஊர்ப் பூண்டுக்கு. தளத்திலும் பெட்டியிலும் அதைப் போட, அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராக நாம் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பிள்ளை பெற்றவர்களுக்கு என்று நிறையப் பேர் வாங்குகிறார்கள்தான். அதற்காக நோய் தீரும் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள்.

நாமே அனுப்பும்போது பணம் கரைவது பெட்டியில். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதுவும் ஒரு எடை என்று எடுத்துக்கொள்வார்கள். 30, 20, 15 சென்டிமீட்டர் பெட்டியில் ஒரு கிலோ வைத்தால் 1.8 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். சிறிய பெட்டி, உள்ளே வலைப்பை, பக்கவாட்டில் துளை. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு போகம் ஆனது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பெட்டி டவுனிலேயே கிடக்கும். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம், ஆப்பில் தாமதக் கணக்குத்தான் ஏறும்.

பிளம்ஸ் வைத்திருக்கும் சித்தப்பா ஒருவர், "ஒயின் போட்டு இன்ஸ்டாவுல வித்தா என்னம்மா?" என்று கேட்டார். வேண்டாம் சித்தப்பா. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003-இலிருந்து டாஸ்மாக் கையில் இருக்கிறது. 2020 மே மாதம், ஊரடங்கில் கடை திறந்து கூட்டம் நெரிந்தபோது, கடைகளை மூடிவிட்டு ஆன்லைனில் மட்டும் விற்கலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அரசு உச்ச நீதிமன்றம் போய் அதற்குத் தடை வாங்கியது. டாஸ்மாக்கே வேண்டாம் என்ற வழியில் நாம் போனால் வழக்குத்தான் மிஞ்சும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வாங்கி, பழத்தை ஜாமாக விற்கலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை: முதல் இரண்டு போகம் வாட்ஸ்அப் மட்டும். திரும்ப வாங்குபவர்கள் நூறு பேர் சேர்ந்ததும் தளம். ஆப்பை எட்டவே வைத்திருங்கள். முதல் தரப் பூண்டை அங்கே போடாதீர்கள்.

எங்கள் மூட்டைகளில் பாதி இன்னும் தேனிப் பக்கம் வடுகபட்டிப் பூண்டு மண்டிக்குத்தான் போகிறது. பொடிப் பூண்டு, தோல் உரிந்தது, தாள் ஒடிந்தது எதையும் படமெடுத்து விற்க முடியவில்லை. மண்டியில் தரம் பிரித்து, கமிஷன் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்துக்கொள்கிறார்கள். திரும்பும் வண்டியில் அப்பா அரிசி மூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்.