ஓவன் டிரான்ஸ்பார்மரா, கார் பேட்டரியா: வீட்டிலேயே செய்யும் ஸ்பாட் வெல்டருக்கு எது தோது?

18650 செல்களை (லேப்டாப் பேட்டரியில் வரும் உருளை வடிவ லித்தியம் செல்) நிக்கல் பட்டையால் சேர்த்து பேட்டரி பேக் கட்டுவதற்கு சால்டரிங் அயர்ன் சரிப்படாது. செல்லின் மேல் அதிக நேரம் வைத்துப் பிடித்தால் சூடு உள்ளே இறங்கிக் கெடுத்துவிடும். பெரிய கரண்ட்டைக் கண நேரம் மட்டும் பாய்ச்சி, ஒரு புள்ளியில் உருக்கி ஒட்டும் ஸ்பாட் வெல்டர்தான் வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு மதியம் சுற்றினால் இரண்டு வழிக்கும் சாமான் கிடைக்கும்: பழைய மைக்ரோவேவ் ஓவன் டிரான்ஸ்பார்மர் ஒன்று, 12 வோல்ட் கார் பேட்டரியோடு மாஸ்ஃபெட் (கரண்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) போர்டு இன்னொன்று. முதலாவதில் கேபிளும் ஜாயின்ட்டும் காலை வாரும், இரண்டாவதில் ஸ்விட்ச்.

டிரான்ஸ்பார்மர் குஜரிக் கடையில் (பழைய சாமான் கடை) எடைக்குக் கிடைக்கும். ஓவனில் 'இன்வெர்ட்டர்' என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள், அதற்குள் இந்தக் கனமான இரும்பு இருக்காது. முழு ஓவனாக வாங்கினால் முதலில் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். மேக்னட்ரானை (மைக்ரோவேவ் உண்டாக்கும் பாகம்) உடைக்காதீர்கள், சிலவற்றின் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். சோதித்துப் பார்க்கிறேன் என்று செகண்டரி (உயர் வோல்டேஜ் தரும் காயில்) இருக்கும்போதே கரண்ட் கொடுக்கவே கூடாது. அதில் 2000 வோல்ட் பக்கம் வரும், கை பட்டால் உயிர் போகும்.

மெல்லிய கம்பி சுற்றியிருப்பது செகண்டரி. அதை இரண்டு பக்கமும் கோருக்கு (நடுவிலுள்ள இரும்பு) ஒட்டி ஹேக்சாவால் அறுத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி வெளியே தள்ளுங்கள். பிளேடு பிரைமரியின் (மெயின்ஸ் கரண்ட் போகும் காயில்) எனாமலைக் கீறினால் அந்த டிரான்ஸ்பார்மரைத் திரும்பக் குஜரிக்கே போட்டுவிடலாம். இரண்டு காயிலுக்கும் நடுவே இருக்கும் ஷண்ட் தகடுகளையும் எடுத்துவிடுங்கள், அவை கரண்ட்டைக் கட்டுப்படுத்தவே வைத்தவை. காலியான இடத்தில் பார்லி பேப்பர் (கரண்ட் கடத்தாத காகிதம்) சுற்றி, 25 ஸ்கொயர் எம்எம் வெல்டிங் கேபிளை இரண்டு சுற்று நுழைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1 வோல்ட், ஆக மொத்தம் 2 வோல்ட். கோரை எர்த் செய்ய மறக்காதீர்கள்.

இந்த 2 வோல்ட்தான் வம்பு. 25 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.7 மில்லி ஓம். 800 ஆம்பியர் ஓடினால் அதிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும், அதாவது கையில் இருப்பதில் கால் பங்கு. லக் (கேபிள் முனையில் அழுத்தி மாட்டும் உலோகக் காது) சரியாக கிரிம்ப் ஆகாவிட்டால் இன்னும் கொஞ்சம். "டிரான்ஸ்பார்மர் வீக்" என்று புலம்புகிறவர்களின் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், லக் பக்கம் சுடும். கேபிளை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

ஸ்விட்ச்சுக்கு ஜீரோ கிராஸிங் எஸ்.எஸ்.ஆர். (வோல்டேஜ் பூஜ்யத்தைத் தொடும்போது ஆன் ஆகும் எலக்ட்ரானிக் ரிலே) வாங்குவது இன்னொரு வழக்கமான தப்பு. பேரைக் கேட்டால் நல்லதாகத் தோன்றும். ஆனால் வோல்டேஜ் பூஜ்யத்தில் இருக்கும்போது டிரான்ஸ்பார்மரை ஆன் செய்தால்தான் கோர் சாச்சுரேட் ஆகி ஆரம்பக் கரண்ட் எகிறும், எம்சிபி விழும். பிடிஏ41 ட்ரையாக்கும் (மெயின்ஸை ஸ்விட்ச் செய்யும் பாகம்) அதைத் தூண்டும் எம்ஓசி3021-ம் போட்டு, அலையின் உச்சியை ஒட்டி ஆன் ஆகும்படி செய்யுங்கள். எம்ஓசி3041 வேண்டாம், அது ஜீரோ கிராஸிங் வகை. 50 ஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள் 20 மில்லி செகண்ட், 0.15 எம்எம் பட்டைக்கு இரண்டு சைக்கிளில் தொடங்கிப் பார்க்கலாம்.

வாடகை வீட்டில் இன்னொரு சிக்கல். 16 ஆம்பியர் சாக்கெட் பெரும்பாலும் கீசருக்கும் கிச்சனுக்கும்தான் இருக்கும், 6 ஆம்பியர் பாயின்ட்டில் இதை மாட்டக் கூடாது. வோல்டேஜ் 230-லிருந்து 207-க்கு இறங்கினால் வெல்டின் சூடு சுமார் 19 சதவீதம் குறைந்துவிடும், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. மதியம் கச்சிதமாகப் பிடித்த செட்டிங், தெரு முழுக்க கீசர் ஓடும் காலையில் பிடிக்காமல் போவது இதனால்தான்.

கார் பேட்டரிக்கு இந்தத் தொல்லை கிடையாது. 12 வோல்ட்டில் கேபிள் அரை வோல்ட் தின்றாலும் பெரிதாகத் தெரியாது. 35 முதல் 45 ஏஹெச் பேட்டரி போதும். பைக் பேட்டரி தாங்காது. வீட்டு யூபிஎஸ்ஸின் 150 ஏஹெச் பேட்டரியில் மாட்டினால் போர்டு தாங்குவதற்கு மேல் கரண்ட் வரலாம்.

இங்கே சாகிறது மாஸ்ஃபெட். வெல்ட் நேரத்தில் பேட்டரி 6, 7 வோல்ட் வரை சரியும். கேட்டுக்கும் (மாஸ்ஃபெட்டைத் திறக்கும் முனை) அதே சப்ளை என்றால் மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையில் நின்று கருகும். ஒரு டயோடு, பின்னால் 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் போட்டு கேட் சப்ளையைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பல்ஸ் முடியும்போது கேபிளின் இண்டக்டன்ஸ் ஒரு ஸ்பைக் அடிக்கும், அதற்கு ஃப்ரீவீலிங் டயோடும் டிவிஎஸ்ஸும் (ஸ்பைக்கை விழுங்கும் டயோடு) வேண்டும். மலிவுப் போர்டுகளில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இவற்றில்தான். மாஸ்ஃபெட் செத்தால் ஷார்ட்டாகவே நின்றுவிடும் என்பதுதான் பயம்: பட்டை சிவந்து எரியும், பெடலை விட்டாலும் நிற்காது. பேட்டரி டெர்மினலில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஐசொலேட்டர் ஸ்விட்ச் கட்டாயம். சார்ஜ் ஏறும்போது வெல்ட் செய்யாதீர்கள், ஹைட்ரஜன் வரும் இடத்தில் பொறி ஆகாது. மாஸ்ஃபெட்டுக்குப் பதிலாக ஸ்டார்ட்டர் ரிலே போடலாம் என்பவர்கள் உண்டு. அதன் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், மில்லி செகண்ட் கணக்கும் நிற்காது.

எங்கள் தேர்வு: செல் பேக் மட்டும்தான் கட்டப்போகிறீர்கள் என்றால் பேட்டரி வழி. 0.1 எம்எம் பட்டைக்கு 3 மில்லி செகண்டில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அரை எம்எம் தகடு ஒட்டும் வேலையும் வரும், தனி 16 ஆம்பியர் லைனும் இருக்கிறது என்றால் டிரான்ஸ்பார்மர்.

எதைக் கட்டினாலும் பட்டையில் ஏமாறாதீர்கள். நிக்கல் என்று விற்பதில் நிறைய, முலாம் பூசிய இரும்புதான். இரும்புக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்பதால் அது சுலபமாகவே ஒட்டும், "அட, மெஷின் சூப்பர்" என்று தோன்றும். ஒரு துண்டின் மேல் முலாமை உரசி, உப்புத் தண்ணீரில் இரவு போட்டு வையுங்கள். காலையில் துரு கட்டியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

செத்த செல்லில் பழகும்போது பட்டையைப் பிளையரால் பிய்த்துப் பாருங்கள். புள்ளி செல்லிலேயே தங்கி, பட்டையில் ஓட்டை விழ வேண்டும். சுத்தமாகக் கழன்று வந்தால் சூடு போதவில்லை. பொறி பறந்து பட்டை பொத்தலானால் நேரத்தைக் குறைப்பதற்கு முன் இன்னும் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் குறை. பாசிட்டிவ் பக்கம் போகும் முன் பார்லி பேப்பர் வளையம் ஒட்டிவிடுங்கள். அங்கே தோள்பட்டை வரை இருப்பது நெகட்டிவ் கூடு, மேலே மூடியிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே.