தடதடக்கும் அலமாரிக் கதவு: ஸ்பாஞ்சு டேப்பா, பிரஷ் பட்டையா, புதுச் சக்கரமா?

பினாங்கு ஜெலுத்தோங்கில், கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு எங்களுடையது. மழைக்கு முந்தைய காற்று உள்ளே புகும்போதெல்லாம் படுக்கையறை அலமாரியின் நகர்கதவுகள் தடதடவென்று ஆடி, உறங்கும் என் தாயாரை எழுப்பிவிடும். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்த பிறகே எந்த மருந்து எந்த நோய்க்கு என்பது எனக்குத் தெளிவாயிற்று.

முதலில் சத்தம் பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கதவு ஆடும்போது உள்ளங்கையால் வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பாருங்கள். இரண்டு கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரத்தை அழுத்தியதும் ஓசை நின்றால் இடைவெளிதான் காரணம். கீழ் மூலையை அழுத்தியதும் நின்றால் சக்கரமோ, அதைத் தாங்கும் திருகோ தளர்ந்திருக்கிறது. நகர்த்தும்போது மட்டும் சத்தம் வந்தால் குறை சக்கரத்திலோ, அது ஓடும் தடமான டிராக்கிலோ இருக்கிறது.

இடைவெளிக்குப் பலரும் வாங்குவது ஸ்பாஞ்சு டேப். விலை குறைவு, ஐந்தே நிமிட வேலை. ஒட்டிய அன்று இரவு முழு அமைதி. ஆனால் கதவு உரசிச் செல்லும் இடத்துக்கு அது உகந்ததன்று. அழுத்தத்தில் தட்டையாகி மீளும் தன்மையை இழக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பசையும் இளகிவிடும். எங்கள் கதவில் ஒட்டியது சில வாரங்களில் ஓரம் சுருண்டு தொங்கியது. அதை உரித்தெடுத்த பின் எஞ்சிய கறுத்த பிசினைச் சுரண்ட ஒரு மாலை முழுவதும் செலவாயிற்று. கதவு பக்கப்பலகையில் வந்து இடிக்கும் விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள், அங்கே அது நன்றாகவே உழைக்கும்.

அதே இடைவெளிக்கு அலுமினியச் சன்னல்களில் காணும் பிரஷ் பட்டையையே நான் பரிந்துரைப்பேன். அடர்ந்த மயிரிழைகள் கதவுக்கு வளைந்து கொடுத்து, கடந்ததும் நிமிர்ந்துகொள்வதால் உரசலும் குறைவு, ஆட்டமும் அடங்கும். இழையின் உயரம் இடைவெளியைவிட ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கதவு இழுக்கக் கனமாகும். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடாமல் ஒட்டினால் எந்தப் பட்டையும் நிலைக்காது.

ஆயினும் இவ்விரண்டையும் விட முந்திச் செய்ய வேண்டியது, ஒரு காசும் செலவில்லாத உயரச் சரிசெய்தல் என்பதை அழுத்திச் சொல்வேன். கீழே சக்கரம் வைத்த கதவுகளில் பெரும்பாலும் அடிப்பக்க ஓரத்தில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் அந்த மூலை உயரும் அல்லது தாழும். இரு சக்கரங்களில் ஒன்று டிராக்கில் படாமல் அந்தரத்தில் நின்றால், எத்தனை பட்டை ஒட்டினாலும் கதவு ஆடத்தான் செய்யும். பக்கப்பலகைக்கும் கதவுக்கும் இடையிலான கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாகும்வரை கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள்.

புதுச் சக்கரம் கடைசி வழி. 18 மி.மீ. சிப்போர்டில் (மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திய பலகை) செய்த, ஒரு மீட்டர் அகலமுள்ள கதவு ஏறத்தாழ 25 கிலோ எடை கொண்டது என்பதால் தனியாளாகத் தூக்காதீர்கள். ஒருவர் மேலே தள்ளிப் பிடிக்க, மற்றவர் அடிப்பகுதியை வெளியே இழுக்க வேண்டும். நாங்கள் கழற்றியபோது சக்கர அச்சில் அம்மாவின் நரைமுடியும் மல்லிகைச் சரத்தின் நாரும் இறுகச் சுற்றியிருந்தன. பிளேடால் அறுத்தெடுத்ததும் சக்கரம் முன்போல் சுழன்றது, புதியது வாங்க வேண்டியிருக்கவில்லை. நைலான் ஓரம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தால் மட்டும், பழையதையே ஹார்ட்வேர் கடைக்கு எடுத்துச் சென்று, அதே விட்டமும் அதே பள்ளமும் உள்ளதை ஜோடியாக வாங்குங்கள்.

டிராக்குக்கு எண்ணெயும் கிரீசும் வேண்டாம். தூசியைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும். துடைத்துச் சுத்தமாக்கிய பின் சிலிக்கோன் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். சக்கரத்தின் திருகுத்துளை தளர்ந்திருந்தால், மரப்பசையில் தோய்த்த பல்குச்சிகளைத் துளைக்குள் செருகி, ஓரிரவு உலரவிட்டு மீண்டும் முடுக்கலாம். ஈரத்தில் ஊறி உப்பிய சிப்போர்டில் இதுவும் பிடிக்காது; அப்போது கதவுப்பலகையையே மாற்ற வேண்டும்.