வேப்பேரி தோரா வாசிப்பு வகுப்பு: ஒரு மதிப்பீடு

சென்னையில் பைபிள் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மோசேயின் ஐந்து ஆகமங்களாகிய தோராவை, யூதர்கள் வாரம் ஒரு பகுதியாக ஓர் ஆண்டில் வாசித்து முடிக்கும் அதே வரிசையில், அவர்களுடைய உரையாசிரியர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு தமிழில் நடத்தும் வகுப்பு அரிது. வேப்பேரியில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் அப்படியொரு வகுப்பு நடக்கிறது. பரிமேலழகரை வைத்துக் குறள் படித்துப் பழகியவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. மொத்தம் 54 பகுதிகள். அவற்றைத் தலைமை, இரக்கம் என்னும் இரண்டு கோணங்களில் வாசிப்பது இந்த ஆண்டின் திட்டம்.

நடத்துபவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். குரலை உயர்த்துவதில்லை, பிரசங்கம் செய்வதில்லை. வசனத்தை வாசித்து, நிறுத்தி, "இங்கே எது இடிக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

வகுப்பின் தரத்துக்கு பினெகாஸ் பகுதி நல்ல சான்று. எண்ணாகமம் 25ஆம் அதிகாரத்தின் நடுவில் தொடங்கி 29ஆம் அதிகாரத்தின் இறுதிவரை செல்லும் இப்பகுதியின் தொடக்கமே சங்கடமானது. ஓர் இஸ்ரவேலனையும் ஒரு மீதியானியப் பெண்ணையும் ஈட்டியால் குத்திக் கொன்ற, ஆசாரியர் ஆரோனின் பேரன் பினெகாஸுக்குக் கடவுள் சமாதான உடன்படிக்கையை அருளுகிறார். வைராக்கியத்தின் பெருமை என்று இதைச் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஐயா அப்படிக் கடக்கவில்லை. அந்தச் செயலுக்கு ஞானிகளின் ஒப்புதல் இல்லை என்ற கருத்து, யூத ஞானிகளின் விவாதத் தொகுப்பான எருசலேம் தால்முதிலேயே இருப்பதை எடுத்துக் காட்டினார். அதே பகுதியில் சிறிது தள்ளி மோசேக்குப் பின் யார் என்ற கேள்வி எழும்போது, ஈட்டி எடுத்தவனுடைய பெயர் அங்கே வராமல் மோசேயின் பணியாளர் யோசுவாவின் பெயர் வருவதையும் கவனிக்கச் சொன்னார்.

அந்த இடத்தில்தான் வகுப்பு உச்சத்தைத் தொட்டது. அபாரீம் மலையில் ஏறி, மக்களுக்கு வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார், அதற்குள் நுழையாமலே இறப்பாய் என்று மோசேக்குச் சொல்லப்படுகிறது. அவர் தமக்காக ஒரு வார்த்தையும் மன்றாடாமல், மக்கள் மேய்ப்பன் இல்லாத ஆடுகளாகிவிடக் கூடாது, அவர்களுக்கு ஒருவரை நியமியும் என்று கேட்கிறார். ஒவ்வொருவர் மனமும் வேறு வேறு, அவரவர் மனத்துக்கு ஏற்பப் பொறுத்து நடத்தக்கூடிய தலைவனையே மோசே கேட்டார் என்பது 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி தரும் விளக்கம். தம் பிள்ளைகளே தமக்குப் பின் வர வேண்டும் என்ற ஆசை மோசேக்கும் இருந்தது, அது மறுக்கப்பட்டு, கூடாரத்தை விட்டு அகலாமல் பணி செய்த யோசுவாவுக்கே பதவி போனது என்றும் அதே உரை சொல்கிறது. இதைக் கேட்டதும் அறை முழுவதும் சிரிப்பு எழுந்தது. தமிழ்நாட்டில் அமர்ந்து இதைப் படிப்பவர்கள் வேறு என்ன செய்ய முடியும்? யோசுவாவின்மேல் "உன் கையை" வை என்பது கட்டளை. மோசேயோ இரு கைகளையும் வைக்கிறார். பதவியைக் கொடுக்கும்போது கேட்டதற்கு மேலாகவே கொடுத்தார் என்பதை இவ்வளவு சிறிய செய்கையிலிருந்து எடுத்துக் காட்டும் ஆசிரியர்கள் குறைவு.

செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் தந்தையின் சொத்தில் பங்கு கேட்கும் காட்சியும் இதே பகுதியில்தான் வருகிறது. தமக்கு விடை தெரியாது என்பதை ஒளிக்காமல் மோசே வழக்கைக் கடவுளிடம் கொண்டுபோகிறார். மகள்கள் கேட்பது நியாயமே என்று தீர்ப்பு வருகிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை ஓர் அம்மா இங்கே நினைவூட்டியது பொருத்தமாக இருந்தது. என் முதல் குறை இந்த இடத்தில்தான். மகன் இல்லாதபோது மட்டுமே மகளுக்கு உரிமை என்பதும், பின்னர் 36ஆம் அதிகாரத்தில் அந்தப் பெண்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு வருவதும் அன்று சொல்லப்படவில்லை. அது பிந்தைய வாரத்துக்குரிய பகுதி என்பது சரிதான். ஆனாலும் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம், ஏனெனில் அந்த வாரத்தோடு நின்றுவிடுபவர் பாதிக் கதையோடுதான் வீட்டுக்குப் போவார்.

இரண்டாவது குறை பெரியது. கடைசி இருபது நிமிடங்களில் 'அலுவலகத்துக்கான பாடங்கள்' என்று ஒரு தாள் விநியோகிக்கிறார்கள். மேலாளர் எப்படிப் பொறுப்பைப் பகிர வேண்டும், குழுவை எப்படி ஊக்குவிக்க வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். ஒரு மணி நேரம் மோசேயின் மனச் சங்கடத்தோடு அமர்ந்திருந்தவர்களுக்கு இந்தத் தாள் எதையும் கூட்டித் தருவதில்லை. ஐடி நிறுவனங்களிலிருந்து வருபவர்களுக்காகவே அது என்றார்கள். அவர்களில் சிலரும் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்குவதைத்தான் பார்க்கிறேன். அந்த நேரத்தைக் கேள்விகளுக்கே ஒதுக்கலாம். பலிகளின் நீண்ட பட்டியலான 28, 29ஆம் அதிகாரங்களை ஐந்தே நிமிடங்களில் முடித்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

மாதக் கட்டணம் 300 ரூபாய், நகல் தாள்கள் உட்பட. மதமாற்ற நோக்கம் எதுவும் தென்படவில்லை. வருபவர்களில் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள், எதையும் நம்பாதவர்களும் இருக்கிறார்கள். எபிரேயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழ் பைபிள் ஒன்று கையில் இருந்தால் போதும். லிஃப்ட் இல்லாததால் முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழ்த்தளத்தில் இடம் மாற்றித் தருகிறார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது, பேருந்திலோ ஆட்டோவிலோ வருவது உத்தமம். வாசிப்பின் புதிய சுற்று சிம்காத் தோரா என்னும் யூதப் பண்டிகையை ஒட்டி ஆதியாகமத்திலிருந்து தொடங்கும். புதிதாகச் சேர விரும்புபவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த வாரத்திலும் சேரலாம். கடைசி இருபது நிமிடங்களுக்கு முன்பே எழுந்து போனாலும் யாரும் தவறாக நினைப்பதில்லை.