கூப்பனும் கணக்கு நோட்டும்: ஆறரை ஆண்டு அனுபவம்

2019 ஜூன் மாதம் மகனைப் புதிய பள்ளியில் சேர்த்தபோது கட்டணம் நாங்கள் நினைத்திருந்ததை விடக் கூடுதலாக இருந்தது. வீட்டுச் செலவில் எங்கே குறைக்க முடியும் என்று பார்ப்பதற்காக ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். இப்போது ஏழாவது நோட்டு நடக்கிறது. மதுரையில் நானும் கணவரும் மகனும் அத்தையுமாக நால்வர் வசிக்கும் வீடு. வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் கடை, எடை, உறையில் அச்சிட்ட விலை, கையிலிருந்து சென்ற தொகை, கூப்பன் பயன்படுத்தியிருந்தால் அதன் நிபந்தனை ஆகியவற்றை அன்றன்றைக்கே குறித்து வைத்திருக்கிறேன். கூப்பன்களைப் பற்றிப் பலரும் ஓரிரு முறை பயன்படுத்திய மகிழ்ச்சியிலோ ஏமாற்றத்திலோ பேசுகிறார்கள். தொடர்ந்து எழுதிய கணக்கு என்ன காட்டுகிறது என்பதை இங்கே பகிர விரும்புகிறேன்.

முதல் ஆண்டு முழுவதும் கூப்பன்களை நம்பியே ஓடியது. மளிகைச் செயலிகள் மூன்று, பல்பொருள் அங்காடி ஒன்றின் புள்ளி அட்டை, வங்கி அட்டைக்கான வார இறுதிச் சலுகை, பணம் செலுத்தும் செயலிகளில் கிடைக்கும், சுரண்டிப் பார்க்கும் பரிசு அட்டை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு ரசீதின் அடியிலும் "நீங்கள் சேமித்த தொகை" என்று அச்சிடப்பட்டிருந்ததைத் தனிப் பத்தியில் எழுதிக் கூட்டிவந்தேன். ஆண்டு முடிவில் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகை 14,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஆனால் மளிகைக்காக நாங்கள் கொடுத்த மொத்தப் பணம் முந்தைய ஆண்டின் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டபோது சற்றுக் கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

காரணம் தேடியபோது முதலில் பிடிபட்டது அந்தச் "சேமிப்பு" எதிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதுதான். பெரும்பாலான ரசீதுகளில் அது அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. எல்லா வரிகளும் அடங்கிய அந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று எங்கும் இல்லை. எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் துவரம்பருப்புப் பாக்கெட்டையும் எண்ணெய்ப் பாக்கெட்டையும் பல ஆண்டுகளாகவே உறை விலையை விடக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். அங்கே யாரும் அதைச் சேமிப்பு என்று அச்சிட்டுத் தருவதில்லை. உறையில் 210 என்று போட்ட பருப்பைச் செயலி 172க்குக் கொடுத்து 38 ரூபாய் சேமித்ததாகச் சொன்ன அதே வாரம் அண்ணாச்சி கடையில் அது 168 ரூபாய். அன்றிலிருந்து ரசீது சொல்லும் சேமிப்பை எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பொருளை நான் வழக்கமாக வாங்கும் விலையை மட்டுமே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

அடுத்தது உச்சவரம்பு. "20 விழுக்காடு தள்ளுபடி, அதிகபட்சம் 75 ரூபாய்" என்ற கூப்பனுக்கு 375 ரூபாய் வரை வாங்கினால்தான் முழு 20 விழுக்காடு கிடைக்கும். அதே கூப்பனில் 900 ரூபாய்க்கு வாங்கினால் கிடைப்பது எட்டரை விழுக்காட்டுக்கும் குறைவு. கூடவே "குறைந்தது 799 ரூபாய்க்கு வாங்க வேண்டும்" என்ற நிபந்தனையும் சேர்ந்துவிட்டால் இருபது என்ற எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. அரிசி, சர்க்கரை, எண்ணெய் போன்ற அடிப்படைப் பொருள்களுக்குக் கூப்பன் செல்லாது என்று கீழே சிறிய எழுத்தில் இருப்பதும் வழக்கம். இலக்குத் தொகையை எட்டுவதற்காக நான் சேர்த்த பிஸ்கட், நூடுல்ஸ், சாஸ் ஆகியவற்றை முதல் நோட்டில் சிவப்பு மையால் சுழித்துப் பார்த்தேன். எட்டு மாதங்களில் அவை மட்டும் 5,200 ரூபாய்க்கு மேல். அவற்றில் பாதி நாங்கள் பட்டியலில் ஒருபோதும் எழுதியிராத பொருள்கள்.

இதற்காகக் கூப்பனே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். துணி துவைக்கும் தூள், குளியல் சோப்பு, பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பொருள் ஆகிய நான்கிலும் கூப்பன் எனக்குத் தொடர்ந்து உண்மையான பயன் தந்திருக்கிறது. அவை கெட்டுப்போவதில்லை, அதிகமாக இருக்கிறது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு பயன்படுத்துவதும் இல்லை. "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது இந்தப் பொருள்களில் நேர்மையான 25 விழுக்காடு. ஆனால் எடையைப் பார்க்காமல் அதையும் எடுக்கக் கூடாது. சலுகைப் பொதியில் இருக்கும் சோப்பு தனியாக விற்கும் சோப்பை விடச் சிறியதாக இருந்ததை நான் இருமுறை கண்டிருக்கிறேன்.

எடை என்றதும் எண்ணெயைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம்தான். அருகருகே இருக்கும் இரண்டு பாக்கெட்டுகளில் ஒன்று ஒரு லிட்டர், 150 ரூபாய். மற்றது 850 கிராம், 145 ரூபாய் என்றால் கை தானாக 145க்குத்தான் போகும். கணக்கிட்டால் முதலாவது 100 கிராமுக்கு ஏறத்தாழ பதினாறரை ரூபாய். இரண்டாவது பதினேழுக்கும் சற்று மேல். இந்த ஒப்பீட்டுக்காகத்தான் பொட்டலப் பொருள்களில் கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ எவ்வளவு என்ற அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று இப்போது விதி வந்திருக்கிறது. எழுத்து சிறிதாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படிக்க வேண்டும் என்பேன். பெரிய பொதி எப்போதும் மலிவு என்ற எண்ணத்தையும் இந்தச் சிறிய எண்தான் மாற்றியது. எங்கள் வீட்டில் பயன்படுத்தும் ஷாம்பு, பெரிய புட்டியை விடச் சிறிய பொட்டலத்தில் மில்லிலிட்டருக்குப் பாதி விலைக்கும் கீழே வருகிறது. குப்பை சேர்கிறதே என்ற உறுத்தலால் நாங்கள் இன்னும் புட்டிதான் வாங்குகிறோம். அந்த வேறுபாட்டைத் தெரிந்தே கொடுக்கிறோம்.

உண்மையாகவே செலவைக் குறைத்தது அத்தையின் வழி. அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே "வருஷச் சாமான் வாங்கவில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், நான்தான் இரண்டு ஆண்டுகள் காதில் வாங்கவில்லை. 2021 கோடையில் முதல் முறையாக அவரோடு கீழமாசி வீதிக்குப் போனேன். புளி, மிளகாய் வற்றல் இரண்டும் மாசியிலிருந்து சித்திரை வரை புதிதாக வந்து இறங்கும். புதுத் துவரம்பருப்பு அதற்குச் சற்று முன்பே வந்துவிடும். வரத்து அதிகமாக இருக்கும் அந்த வாரங்களில் ஆண்டுத் தேவையை வாங்கி, மொட்டை மாடியில் நன்றாக வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பதுதான் வழக்கம். புளியைக் கொட்டையும் நாரும் நீக்கிக் கல்லுப்பு தூவி ஜாடியில் அழுத்தி வைக்கிறோம். துவரம்பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வெயில் காட்டி, காய்ந்த வேப்பிலையும் நாலைந்து வற்றலும் போட்டு மூடுகிறோம். மிளகாய், மல்லியை மாவு மில்லில் இரண்டு மாதத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்கிறோம். முதல் ஆண்டு மிளகாயைச் சரியாகக் காயவைக்காமல் ஒரு கிலோவுக்கு மேல் பூஞ்சை பிடித்து வீணானது. அந்த இழப்பும் நோட்டில் இருக்கிறது. அதையும் கழித்தே பார்த்தாலும், புளி, மிளகாய், மல்லி, பருப்பு ஆகிய நான்கில் மட்டும் அந்த ஆண்டு 3,900 ரூபாய் மிச்சமாயிற்று. மூன்று செயலிகளின் கூப்பன்களும் சேர்ந்து இவ்வளவு தந்ததில்லை. ஒரே மாதத்தில் ஐயாயிரம், ஆறாயிரம் என்று எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் இதில் இருக்கும் கடினம். அதற்காக ஐப்பசியிலிருந்தே மாதம் ஆயிரம் ஒதுக்குகிறேன். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்ததால் கடைவீதிக்குப் போய்வரும் செலவும் இல்லாமல் போனது.

காய்கறிக்குச் செயலிகளை முழுவதுமாக விட்டுவிட்டேன். 1999 நவம்பர் 14 அன்று தமிழகத்தின் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது எங்கள் மதுரை அண்ணாநகரில்தான். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் கடை வாடகை இல்லாமல் விற்கிறார்கள். காலை ஏழு மணிக்குள் போனால் கீரையும் கத்தரிக்காயும் பறித்த ஈரத்தோடு கிடைக்கும். ஒன்பதுக்கு மேல் நல்ல காய் தீர்ந்துவிடும். வாரம் இரண்டு முறை போகிறேன். விலையை விடவும் பெரிய வேறுபாடு வீணாகும் அளவில் தெரிந்தது. செயலியில் இலக்குத் தொகைக்காக வாங்கிய காய் குளிர்பெட்டியின் அடியில் அழுகியதைப் போல இப்போது எதுவும் அழுகுவதில்லை.

மருந்துச் செலவைக் குறைத்ததுதான் எனக்கு மிகுந்த நிம்மதி தந்தது. அத்தைக்குச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதம் 780 ரூபாய் ஆயிற்று. இணைய மருந்தகக் கூப்பனில் அது 640 வரை இறங்கியது. பிறகு மருத்துவரிடமே கேட்டு, அதே மூலப்பெயர் (ஜெனரிக்) மருந்துகளை மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் வாங்கத் தொடங்கியதும் 240க்கு வந்துவிட்டது. பெயர், மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகையா இல்லையா என்ற மூன்றும் சீட்டோடு பொருந்த வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்திச் சொன்னார். அதைச் சரிபார்க்காமல் நான் ஒருபோதும் வாங்குவதில்லை. 2025 பிப்ரவரி 24 அன்று மாநில அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்த பிறகு, ஓரிடத்தில் இல்லாததை மற்றோரிடத்தில் வாங்க முடிகிறது.

சிறியவற்றையும் சொல்லிவிடுகிறேன். நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பையும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலையும் எந்த மாதமும் விடுவதில்லை. தீபாவளிக்குப் படுக்கை விரிப்பும் வேட்டியும் கோ-ஆப்டெக்ஸில் 30 விழுக்காடு தள்ளுபடிக் காலத்தில் வாங்குகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, ஷாம்பு, குளியல் சோப்பு ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரியோடு 118 ரூபாயாக இருந்த பொருள் 105 ஆக வேண்டும். அந்த மாதம் பழைய நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போனேன்; குறைந்ததையும் குறையாததையும் அங்கேயே பார்க்க முடிந்தது.

ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. ஒரு செயலியில் கூப்பனை அழுத்தியபோது மூன்று மாத உறுப்பினர் திட்டமும் சேர்ந்து பதிவாகி, காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்பட்டு 299 ரூபாய் பிடிக்கப்பட்டது. நிறுத்தும் பொத்தானைத் தேடி நான்கு திரைகள் தாண்ட வேண்டியிருந்தது. இப்படிச் சிக்கவைக்கும் முறைகளில் 13 வகைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்றே தடை செய்திருக்கிறது. கேட்காமல் கூடையில் சேர்ப்பது, பொய்யான அவசரம் காட்டுவது, சந்தாவில் மாட்டிவிடுவது எல்லாம் அவற்றில் அடங்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் திரைப்பிடிப்புகளோடு (ஸ்கிரீன்ஷாட்) புகார் பதிந்தேன். பன்னிரண்டாம் நாள் பணம் திரும்பியது. தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள் என்று உறவினர்கள் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

இப்போது என் கைப்பேசியில் ஒரே ஒரு மளிகைச் செயலி இருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிறன்று முதலில் பட்டியலைத் தாளில் எழுதி, எதிரே வழக்கமான விலையையும் எழுதிய பிறகே அதைத் திறக்கிறேன். சோப்பு, தூள் வகைகளுக்குப் பொருந்தும் கூப்பன் இருந்தால் எடுத்துக்கொள்வேன். இல்லையென்றால் அண்ணாச்சி கடைதான். ஏழாவது நோட்டில் கூப்பனுக்கென்று இருந்த தனிப் பத்தியை எடுத்துவிட்டு, வீணான பொருள்களுக்கு ஒரு பத்தி போட்டிருக்கிறேன். சென்ற மாதம் அதில் இருந்தவை அரைக்கட்டு மல்லித்தழையும் இரண்டு தக்காளியும்.