ஒரு பல்லு கூட்டினதுக்கு நான் பட்ட பாடு

ஆம்பூர் மச்சான் போன வாரம் கேட்டான்: "பைக்குக்கு முன்னால 15 பல்லு ஸ்பிராக்கெட் போட்டியே, எப்படி இருக்கு? நானும் போடட்டுமா?" போனில் ஆரம்பித்தால் எனக்குச் சூடேறிவிடும். எழுதியே சொல்கிறேன்.

150 சிசி வண்டி. செயின் ஓடுகிற பல்சக்கரம்தான் ஸ்பிராக்கெட்; முன்னால் 14, பின்னால் 42 பல். பின்னது 42-ஆகவே இருக்க, முன்னால் மட்டும் 15 போட்டு 11,000 கிலோமீட்டர் ஓட்டியாச்சு. பின் பல்லை முன் பல்லால் வகுத்த விகிதம் 3-லிருந்து 2.8. டாப் கியரில் 5,000 ஆர்பிஎம்மில் கத்திய இன்ஜின் அதே வேகத்துக்கு இப்போது 4,670 பக்கம் அடங்கிப் போகிறது. முன்பெல்லாம் வேலூர் சத்துவாச்சாரியில் ஹைவே ஏறினால் பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் கை மரத்துவிடும். இப்போது இல்லை. இதற்காகவே கும்பிடலாம். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்தில் இருப்பதால் அதுவும் பொய் சொல்வதில்லை. கியர்பாக்ஸில் சென்சார் உள்ள வண்டி என்றால் குறைத்துக் காட்டும்.

ஆனால் இழுவை குறைந்துவிட்டது. காட்பாடி பாலத்தில் சாயங்காலம் ஊர்ந்தால் கிளட்ச் பிடித்தே விரல் வலிக்கும். ஏலகிரியில் 14 வளைவு; பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். பின்னால் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தால், கொஞ்சம் இழுவை தர ஒரு வள்ளலும் வருவதில்லை.

அதெல்லாம் தெரிந்தே போட்டது. என்னைப் படுத்தி எடுத்தது செயின்.

மாட்டின கடையில், "பழைய செயினே போதும்ணா, ஒரு பல்லுதானே" என்றார்கள். நீளத்தைப் பொறுத்தவரை உண்மைதான். 428 அளவு செயினில் ஒரு பல் கூடினால் பின் சக்கரத்தின் ஆக்சில் சுமார் 3 மில்லிமீட்டர் முன்னால் வந்தால் போதும், செயினை இறுக்குகிற அட்ஜஸ்டரில் இடம் இருந்தது. ஸ்டாண்டு போட்டு, ஒரே இடத்தில் விரலால் அமுக்கிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளே 'டக்'. சக்கரம் ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றினால் ஒரு டக். சுற்றுக்கு ஒன்று என்றால் பின் ஸ்பிராக்கெட்டைச் சந்தேகப்படலாம். இது செயின் ஒரு முழு சுற்று வருகிற கணக்கு. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் 30 மில்லிமீட்டர் தொய்வு, இன்னோரிடத்தில் அதில் பாதிகூட இல்லை. பழைய செயின் ஒரே சீராகவா தேயும்? இறுக்கமான இடத்தில் வைத்துத்தான் தொய்வு விட வேண்டும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங்குக்குக் கேடு. பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து இழுத்தேன், பாதிப் பல் வெளியே தெரிந்தது. அப்படித் தேய்ந்துபோன செயினைத்தான் "போதும்" என்றிருக்கிறார்கள்! செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற லாக் கிளிப்பையும் திசை மாற்றி மாட்டியிருந்தார்கள். மூடிய முனைதான் செயின் ஓடுகிற பக்கம் இருக்கணும். எங்காவது தட்டிக் கழன்றிருந்தால் என் கதி?

கடைசியில் செயின், இரண்டு ஸ்பிராக்கெட் எல்லாமே புதுசு. ஒரு பல்லுக்கு ஆசைப்பட்டு முழு செட்டுக்குப் பணம் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு சத்தம் இல்லை.

ஒரு புது 14-ஐயும் வாங்கி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஏலகிரி கிளம்பும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன், இதுவரை மாட்டியதில்லை. மச்சான், நீ போடாதே.