இளம் வேட்பாளருக்குத் தனித்தொகுதியா, குழுத்தொகுதியா?

சிங்கப்பூரில் 21 வயது நிரம்பிய குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கலாம் என்றாலும், ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியில் நிற்பதா, பலர் ஓரணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதியில் நிற்பதா என்பது இளம் வேட்பாளருக்குக் கடினமான முடிவு. 1988இல் அறிமுகமான குழுத்தொகுதி முறையில் ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பதால், தமிழ் இளையர்களுக்கு அந்தக் கதவே எளிதாகத் திறக்கிறது. 2020இல் செங்காங் குழுத்தொகுதியை வென்ற எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் அணியில் 26 வயதுப் பெண் ஒருவரும் இருந்தார். அனுபவசாலிகளோடு தோள்சேர்ந்து நிற்பதன் பலம் அது.

தனித்தொகுதியில் அந்தத் தோள் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் மேல்மாடியில் தொடங்கி, மாடி மாடியாக இறங்கி, இரும்புக் கதவுக்கு அப்பால் நிற்கும் மூதாட்டி மின்தூக்கி பற்றிச் சொல்லும் குறையை வேட்பாளரே நின்று கேட்கவேண்டும். பதில் சொல்லவேண்டியவரும் அவர் ஒருவரே. ஆயினும் வாக்காளர் மனத்தில் பதிவது அவருடைய முகம் மட்டுமே. சீனர் பெரும்பான்மையாக வாழும் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதியில் 2016 இடைத்தேர்தலில் இந்தியரான முரளி பிள்ளை வென்றார்; ஆளுங்கட்சியின் பலம் உடனிருந்தது உண்மைதான், ஆனாலும் அந்த வெற்றி எனக்குப் பெரிதாகவே படுகிறது.

வேட்பாளர் கட்டும் வைப்புத்தொகையில் வேறுபாடில்லை: 2025 பொதுத்தேர்தலில் இரண்டிலும் ஆளுக்கு 13,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எட்டில் ஒரு பங்கு வாக்குகூடக் கிட்டாவிட்டால் அது பறிபோகும். பேட்டையிலேயே வளர்ந்து, அக்கம்பக்கத்தார் பெயர்சொல்லி அழைக்கும் இளையருக்கு நான் தனித்தொகுதியையே பரிந்துரைப்பேன்.