முழு நாவல் என்று பென் டிரைவ் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

கானாடுகாத்தானில் இருக்கும் என் அப்பத்தாவுக்கு இரண்டு வருடமாகப் பார்வை மங்கல். ஓலைக் கொட்டான் (கூடை) பின்ன விரல் போதும், கண் வேண்டாம், ஆனால் புத்தகம் வாசிக்க முடியாதது அவருக்குப் பெரிய குறை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது அவர் சின்னப் பிள்ளை, யார் முதலில் வாசிப்பது என்று வீட்டில் வாரா வாரம் அடிதடியாம். அதனால் பேஸ்புக்கில் "ஐந்து பாகமும் முழுமையாக, தேர்ந்த கலைஞர்களின் குரலில்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் யோசிக்காமல் 1,499 ரூபாயை அனுப்பிவிட்டேன். மாதிரிக்கு இரண்டு நிமிடம் போட்டிருந்தார்கள். கனமான ஆண் குரல், நிறுத்தி நிதானமாக. அதில்தான் விழுந்தேன்.

பென் டிரைவ் சொன்ன நாளில் வந்தது. ஸ்பீக்கரில் செருகி வளவில் (வீட்டு முற்றத்தில்) வைத்தேன். முதல் மூன்று அத்தியாயம் அதே குரல். நாலாவதில் ஆள் மாறிவிட்டார், ஆள் என்றுகூடச் சொல்ல முடியாது, கம்ப்யூட்டர் குரல். அப்பத்தாதான் முதலில் கண்டுபிடித்தார். "என்னாத்தா, இவன் மூச்சே விடாமப் படிக்கிறான்?"

அப்புறம் பழுவேட்டரையர் வந்தார், பளுவேட்டரையராக. ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், இந்தக் கதையில் அவர் பெயர் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும்? பயத்தில் வரும் 'ப' வேறு, பழத்தில் வரும் 'ப' வேறு என்று நமக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. எழுத்து ஒன்றுதான் என்பதால் அந்தக் குரல் இரண்டையும் ஒரே மாதிரி அழுத்துகிறது. வந்தியத்தேவன் குதிரையில் பறந்துகொண்டிருக்கிறான், நடுவில் அதே தொனியில் "நூற்று நாற்பத்தேழு" என்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்கேன் செய்த புத்தகத்தின் பக்க எண்ணையும் சேர்த்து வாசித்திருக்கிறது. "யாரு மொய்க்கு வாசிக்கிறான்?" என்று அப்பத்தா சிரித்தார்.

சிரிப்பு நாலு நாளில் போய்விட்டது. பூங்குழலி படகில் பாடுகிற பாட்டு அவருக்கு இன்றும் மனப்பாடம், அதற்காகவே காத்திருந்தார், அது வரவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து ஃபைல்களை எண்ணினேன். 181. தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் நாவல் இலவசமாகவே கிடைக்கிறது, எடுத்து ஒப்பிட்டேன்: ஐந்து பாகத்துக்கும் சேர்த்து 293 அத்தியாயம், கடைசிப் பாகம் மட்டுமே 91. ஒரு அத்தியாயத்தை நானே சத்தமாக வாசித்துப் பார்த்தேன், கால் மணி நேரத்துக்குக் குறையவில்லை. அந்தக் கணக்கில் மொத்தம் எழுபது மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். இவர்கள் கொடுத்தது 29 மணி நேரம். முழுமையாம்!

கல்கியின் எழுத்து நாட்டுடைமை, யார் வேண்டுமானாலும் பதிவு செய்து விற்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. கம்ப்யூட்டர் குரல் என்று சொல்லிவிட்டு 200 ரூபாய்க்குக் கொடுத்திருந்தாலும் விட்டிருப்பேன். ஒலிநூலுக்கு நடிப்போ பின்னணி இசையோ வேண்டும் என்று நினைக்கிற ஆளும் இல்லை நான், சில பதிவுகளில் இசை வந்து வசனத்தையே விழுங்கிவிடுகிறது. 'ழ' வருகிற ஒரு தொண்டை, எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்த ஒருவர், அவ்வளவுதான் கேட்கிறேன்.

வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு "கேட்டு முடித்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது" என்று பதில். அத்தியாயக் கணக்கை அனுப்பினேன், என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்திருந்ததால் புகார் கொடுக்கவாவது முடிந்தது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எத்தனை அத்தியாயம், மொத்தம் எத்தனை மணி நேரம், வாசித்தவர் பெயர் என்ன என்று எழுத்தில் கேளுங்கள், மாதிரியை நாலாம் பாகத்தின் நடுவிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

நேற்று அதே விளம்பரம் வேறு பெயரில் வந்திருக்கிறது. விலை 999. மாதிரிக்கு அதே இரண்டு நிமிடம்.